முக்கால் மணி நேரம் அசையாத கோடு

சிறுநீரகச் செல்கள் சோடியத்தை எப்படிக் கடத்துகின்றன என்று பார்க்கும் எங்கள் லேபில் எலியும் இல்லை, முயலும் இல்லை. இருப்பதெல்லாம் ஏ6 செல்கள். ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து 1960களில் எடுத்து, இன்றுவரை வளர்த்துக்கொண்டிருப்பவை. தவளைச் செல் என்பதால் 37 டிகிரி ஒத்துக்கொள்ளாது. 27-இல் வைத்தால் சமர்த்தாக வளரும்.

ஃபில்டர் மேல் வளர்த்தால் சில நாட்களில் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரே விரிப்பாகிவிடும். அதை இரண்டு அறைகளுக்கு நடுவே பொருத்தி, இருபுறமும் உப்புக் கரைசல் ஊற்றினால் உஸ்ஸிங் சேம்பர் தயார். கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங் 1951-இல் தவளைத் தோலை வைத்துச் செய்த அதே சோதனைதான். சோடியம் மின்னூட்டம் உள்ளது. அது செல்களைக் கடந்தால் மின்னோட்டம். வோல்டேஜைப் பூஜ்யத்தில் பிடித்துக்கொண்டு மைக்ரோஆம்பியரைப் பார்த்தாலே எவ்வளவு சோடியம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அமிலோரைடு என்ற மருந்தைக் கொஞ்சம் விட்டால், மின்னோட்டத்தைக் காட்டும் கோடு சடாரென்று தரைக்கு வந்துவிடும். ஓடிய மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் ஈநாக் என்ற சோடியம் கால்வாய் வழியாகத்தான் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வாசோப்ரெஸின் என்ற ஹார்மோனை விட்டால் சில நிமிடங்களிலேயே கோடு ஏறும். செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி சொல்லும் மூலக்கூறு கூடி, உள்ளே தயாராக இருக்கும் ஈநாக் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அப்படியில்லை. விட்டு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காது. புதிதாகச் சேரும் மாணவர்கள் மருந்து கெட்டுப்போய்விட்டதா என்று கேட்பார்கள். நான் டீ குடித்துவிட்டு வரச் சொல்வேன். ஹார்மோன் செல்லுக்குள் போய், தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து, நியூக்ளியஸில் மரபணுவை இயக்கி, அதிலிருந்து புதுப் புரதம் உருவாகி வர வேண்டாமா? ஆக்டினோமைசின் டி போட்டு ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுத்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கோடு ஏறாது.

அப்படி முதலில் வரும் புரதங்களில் எனக்குப் பிடித்தது எஸ்.ஜி.கே.1. அதன் முக்கிய வேலை கால்வாய் மேல் நேரடியாக நடப்பதில்லை. ஈநாக்கைக் குறிவைத்துச் செல்லுக்குள் இழுத்து அழிக்கும் நெட்4-2 என்ற புரதத்தின் கையைக் கட்டிப்போடுகிறது. கழிப்பது குறைந்தால் இருப்பு தானாகக் கூடும். புதிதாகச் செய்வதைவிட இது சிக்கனமான வழி என்று எனக்குத் தோன்றும்.

நம் சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதிலுள்ள சோடியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி சிறுநீரகக் குழாய்களின் முற்பகுதிகளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசிக் குழாயில் ஈநாக்கின் பங்கு இரண்டு மூன்று சதவீதம்தான். ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் பெரிதும் அந்தச் சில்லறையில்தான்.

லிடில் நோயைப் பாருங்கள். 1963-இல் விவரிக்கப்பட்ட பரம்பரை நோய். இள வயதிலேயே ரத்த அழுத்தம் எகிறும், பொட்டாசியம் இறங்கும். பார்த்தால் ஆல்டோஸ்டிரோன் அதிகம் போலத் தோன்றும், அளந்தால் குறைவாக இருக்கும். ஈநாக்கில் நெட்4-2 பிடிக்கும் வால் பகுதி கெட்டுப்போயிருப்பதால், கால்வாய்கள் அகற்றப்படாமல் மேற்பரப்பிலேயே தேங்கிவிடுகின்றன. ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியை அடைக்கும் ஸ்பைரனோலாக்டோன் இவர்களுக்குப் பலன் தராது. கால்வாயையே அடைக்கும் அமிலோரைடு வேலை செய்யும்.