மொட்டை அடிக்கவில்லை

எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் நிற்பது என் வேலை. தொடையில் குத்திய சின்னத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாய் மூளை வரை போகும். சாயம் செலுத்துவதற்கு முன் எடுத்த படத்தை, பின் எடுத்ததிலிருந்து கம்ப்யூட்டர் கழித்துவிடும். மண்டையோடு மறைந்து ரத்தக்குழாய்கள் மட்டும் வேர் மாதிரி தெரியும். அதில் பட்டாணி அளவில் ஒரு புடைப்பு. அது வெடிக்காமலிருக்க, டாக்டர் அதற்குள் பிளாட்டினச் சுருளை நூல்கண்டு போலச் சுற்றி நிரப்புவார். சிறு மின்சாரம் கொடுத்தால் சுருள் கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இதை முதலில் நோயாளிக்குச் செய்தவர் இத்தாலிக்காரர் குலியெல்மி. வாய் அகன்ற புடைப்பென்றால் சுருள் நழுவும், அதைத் தாங்க ஸ்டென்ட் என்ற வலைக்குழலும் தேவைப்படலாம்.

நேற்று ஒரு அம்மா மயக்கம் தெளிந்ததும் தலையைத் தடவிப் பார்த்தார். "மொட்டை அடிக்கலையா தம்பி?"

"இல்லம்மா. காலை மட்டும் மடக்காதீங்க."