சராசரியில் 0.67

ஒரு பெரிய பேட்ஸ்மேன் ஓய்வை அறிவித்தால் நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் முதலில் தயாராவது பெட்டிச் செய்திதான். போட்டி, இன்னிங்ஸ், ரன், அதிகபட்சம், சதம், சராசரி. கட்டுரைக்கு ஆள் தேட வேண்டும், நல்ல படம் தேட வேண்டும். பெட்டி மட்டும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் மறுநாள் வாசகர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். கட்டுரையில் எவ்வளவு எழுதியிருந்தாலும் சரி, சராசரி 50-க்கு மேலா கீழா என்று பார்த்ததும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அந்த எண்ணின் மீது மதிப்பு உண்டு. அதற்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரத்தின் மீதுதான் வருத்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மூத்தவர், சராசரியை எங்கிருந்தும் பார்த்து எழுத விடமாட்டார். தாளில் வகுத்துக் காட்ட வேண்டும். "எதால வகுத்தீங்க தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எத்தனை இன்னிங்ஸ் ஆடினார் என்பதால் வகுக்கக் கூடாது, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் கையால் வகுக்கும்போதுதான் அந்த விதி என்ன செய்கிறது என்பது புரியும். இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு விக்கெட்டைப் பறிகொடுப்பதற்கு முன் இவர் எத்தனை ரன் சேர்த்தார். யாருக்கு எதிராக, எந்த ஆடுகளத்தில், ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் என்பதெல்லாம் அதில் இல்லை.

அந்த விதியின் ஓரங்களில் வினோதமான கணக்குகள் கிடக்கும். 1953-ல் இங்கிலாந்துக்குச் சென்ற ஆஸ்திரேலிய அணியில் பில் ஜான்ஸ்டன் என்ற பந்துவீச்சாளர் இருந்தார். கடைசியாக பேட் செய்ய வருபவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் 17 இன்னிங்ஸில் 102 ரன் எடுத்தார், 16 முறை ஆட்டமிழக்கவில்லை. சராசரி 102. வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி கான்டோம் 1948-ல் ஒரே ஒரு டெஸ்ட், அதில் ஒரே இன்னிங்ஸ் ஆடி 112 எடுத்தார். அவருடைய சராசரி ஆஸ்திரேலியாவின் பிராட்மேனுடைய 99.94-ஐ விட அதிகம். பட்டியல் போடுகிறவர்கள் 'குறைந்தது 20 இன்னிங்ஸ்' என்று வரம்பு வைப்பது இதனால்தான்.

சரி, நாட் அவுட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? தோனியின் ஒருநாள் கணக்கைப் பாருங்கள். 297 இன்னிங்ஸ், 84 முறை ஆட்டமிழக்கவில்லை, 10,773 ரன். அவுட் ஆனவற்றால் வகுத்தால் 50.57, இன்னிங்ஸால் வகுத்தால் 36.27. இரண்டில் எது உண்மையான தோனி என்று அலுவலகத்தில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. கடைசி சில ஓவர்களில் இறங்கி, இலக்கை எட்டிவிட்டு 20 ரன்னோடு திரும்பி வருகிறவரின் அந்த 20-ஐ ஒரு முழு இன்னிங்ஸாக எண்ணுவது அநியாயம். அதே சமயம், மூன்றாவது இடத்தில் புதுப் பந்தைச் சந்திக்கிறவரின் 50-ஐ இந்த 50-உடன் அப்படியே ஒப்பிடவும் முடியாது. ஒரே இடத்தில் இறங்குகிறவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவது வரைக்கும்தான் சராசரியை நம்பலாம் என்பது என் எண்ணம்.

அந்த மூத்தவர் கற்றுக்கொடுத்த இன்னொரு கணக்கு இன்றும் எனக்குப் பயன்படுகிறது. 1975 ஜனவரி, சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ் அது. இந்தியா 190-க்கு ஆல் அவுட். அதில் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. பாதிக்கு மேல் அவர் ஒருவரே. அந்த டெஸ்டை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஸ்கோர் அட்டையை வெட்டி வைத்திருந்தவர், "இந்த 97 அவரோட சராசரியை எவ்வளவு உயர்த்தியிருக்கும், போட்டுப் பாருங்க" என்றார்.

விஸ்வநாத் 155 இன்னிங்ஸில் 10 முறை ஆட்டமிழக்காமல் 6,080 ரன் எடுத்தவர். 145-ஆல் வகுத்தால் 41.93. அந்த 97-ஐக் கழித்துவிட்டு வகுத்தால் 41.26. வித்தியாசம் 0.67. டிராவை நோக்கிப் போகும் டெஸ்டின் கடைசி நாளில், களைத்துப்போன பந்துவீச்சுக்கு எதிராக யாரோ ஒருவர் ஆட்டமிழக்காமல் 97 எடுத்திருந்தாலும், இதே வாழ்க்கைக் கணக்கில் அதே 0.67-தான் ஏறும். இரண்டுக்கும் விலை ஒன்று. விஸ்வநாத்தைப் பார்த்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதற்கும், 41.93 என்ற எண் இளைஞர்களிடம் எந்தச் சலனத்தையும் உண்டாக்காததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அந்தக் கணக்கில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகு இந்தக் கணக்கை வேறு சிலருக்கும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. லக்‌ஷ்மண் 2001-ல் கொல்கத்தாவில் எடுத்த 281, ஃபாலோ ஆன் ஆகி, அதாவது முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கி உடனே மறுபடி பேட் செய்ய நேர்ந்த அணியை வெற்றிக்குக் கொண்டுபோன இன்னிங்ஸ், அவருடைய மொத்தச் சராசரியை 1.24 மட்டுமே உயர்த்துகிறது. 2010-ல் மொஹாலியில் முதுகு வலியோடு நின்று ஆட்டமிழக்காமல் எடுத்த 73, இந்தியா ஒரே விக்கெட்டில் ஆஸ்திரேலியாவை வென்ற ஆட்டம், 0.38. லக்‌ஷ்மண் 45.97-ல் முடித்தார். 50-ஐத் தொடவில்லை என்பதற்காக அவரை ஒரு படி கீழே வைப்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு, எண்களே பொய், கண்ணால் பார்த்ததுதான் மெய் என்று சொல்பவர்கள் வருவார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பிராட்மேனை நம்மில் யார் பார்த்தோம்? 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 10 முறை ஆட்டமிழக்கவில்லை, 6,996 ரன், சராசரி 99.94. 1948-ல் ஓவலில் எரிக் ஹாலிஸ் பந்தில் பூஜ்யத்தில் போல்டு ஆகாமல் நான்கு ரன் எடுத்திருந்தால் நூறு என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவரோடு ஒரே காலத்தில் ஆடியவர்களின் எண்கள். ஹெட்லி 60.83, சட்கிளிஃப் 60.73, ஹேமண்ட் 58.45. ஏறக்குறைய அதே வகை ஆடுகளங்கள், அதே விதிகள், ஆனாலும் அடுத்தவருக்கும் அவருக்கும் நடுவில் 39 ரன் இடைவெளி. அவரை வீழ்த்துவதற்கென்றே, உடம்பைக் குறிவைத்து இங்கிலாந்து பந்து வீசிய பாடிலைன் தொடரில்கூட, 1932-33-ல், அவர் சராசரி 56.57. சராசரி என்ற கருவி இல்லையென்றால் இந்த உயரத்தை நமக்கு யாராலும் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

ஆக, ஒருவருடைய எண்ணை அவர் காலத்து மற்றவர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்ப்ரோஸ், வால்ஷ், வாசிம், வாக்கார், டொனால்ட் என்று வேகப்பந்து வீச்சாளர்கள் கொடிகட்டிப் பறந்த 1990-களில் தொடக்க ஆட்டக்காரராக நின்ற இங்கிலாந்தின் ஆதர்ட்டன் 37.69. அவரை 2000-களின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரண ஆட்டக்காரராகத் தெரிவார். காலிஸ் 55.37, லாரா 52.88, டிராவிட் 52.31, யூசுஃப் 52.29, பாண்டிங் 51.85 என்று 50-ஐத் தாண்டியவர்கள் வரிசையாக நிற்கும் பட்டியல் அது. ஆனால் 1995-ல் ஜோகன்னஸ்பர்கில் டொனால்ட் இருந்த தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக 643 நிமிடம் நின்று ஆட்டமிழக்காமல் 185 எடுத்து டெஸ்டைக் காப்பாற்றியவர் ஆதர்ட்டன். 50 என்பது இயற்கை வகுத்த எல்லைக்கோடு இல்லை. முழு எண்ணாக இருப்பதால் நமக்குப் பிடித்துப்போன ஒரு கோடு, அவ்வளவுதான்.

எதிரணியையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் 20 டெஸ்டில் 61.87. பிராட்மேனுக்கு அடுத்த இடம் என்று சில பட்டியல்களில் அவர் பெயர் வரும். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மட்டும் அவர் 542 ரன் எடுத்து ஒரே ஒரு முறை அவுட் ஆனார். அதைத் தனியே எடுத்து வைத்தால் மீதி 943 ரன், 23 அவுட், சராசரி சரியாக 41. அவர் மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. 35 வயதில் டெஸ்டில் அறிமுகமாகி சதம் அடித்தவரை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 61.87 என்று பெட்டியில் போடும்போது பக்கத்தில் ஒரு வரி வேண்டும். கருண் நாயர் விஷயமும் அப்படித்தான். 2016-ல் சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 303. அடுத்த ஆண்டு அணியிலிருந்து விடுபட்டபோது அவர் சராசரி 62.33. மற்ற ஆறு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தது 71 ரன்.

2025 மே மாதம் விராட் கோலி டெஸ்டிலிருந்து விலகியபோது எங்கள் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் பெட்டியைப் போட்டு எடுத்து வந்தார். 123 டெஸ்ட், 9,230 ரன், 46.85. "ஐம்பதுக்குக் கீழ வந்துட்டாரே சார், கிரேட்னு தலைப்புல போடலாமா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்தே கணக்குப் போட்டோம். 2019 முடிவில் கோலி 84 டெஸ்டில் 7,202 ரன், சராசரி 54.97. அதற்குப் பிறகு 39 டெஸ்டில் 2,028 ரன், சராசரி 30.72. இரண்டையும் கலந்தால்தான் 46.85 வருகிறது. அந்த 46.85-ஆக அவர் எந்தக் காலத்திலும் நீண்ட நாள் ஆடியதே இல்லை. இங்கிலாந்திலும் அதே கதைதான். 2014-ல் பத்து இன்னிங்ஸில் 134, சராசரி 13.40. 2018-ல் பத்து இன்னிங்ஸில் 593, சராசரி 59.30. கூட்டி வகுத்தால் 36.35. வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனிடம் திணறிய இளைஞனும் அந்த எண்ணில் இல்லை, நான்கு ஆண்டு கழித்து அதே ஆண்டர்சனைப் பொறுமையாக விட்டு விட்டு ஆடிய தலைவனும் இல்லை. நீண்ட காலம் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. கடைசி ஆண்டுகளின் சரிவு முன்னால் ஆடிய ஆட்டத்தையும் பின்னோக்கிப் போய் சிறியதாக்கிவிடுகிறது. நடந்து முடிந்த ஆட்டம் நடந்ததுதானே. தலைப்பில் 'கிரேட்' போட்டோம், பெட்டியில் இரண்டு வரிசை போட்டோம்.

சராசரிக்கு மாற்றாக 'வெற்றிக்குக் காரணமான ரன்கள்' என்று ஒன்றைச் சொல்பவர்கள் உண்டு. இதை நான் கொஞ்சமும் ஏற்பதில்லை. 1987-ல் பெங்களூரில், தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில், பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளத்தில் கவாஸ்கர் 96 எடுத்தார். இந்தியா 16 ரன்னில் தோற்றது. 1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக டெண்டுல்கர் 136. இந்தியா 12 ரன்னில் தோற்றது. 2001-ல் இலங்கையில் லாரா மூன்று டெஸ்டில் 688 ரன் குவித்தார், தொடரை அவர் அணி 3-0 என்று இழந்தது. கூட ஆடிய பத்துப் பேரின் குறையை ஒருவரின் கணக்கில் ஏற்றுவது என்ன நியாயம்?

எங்கள் பெட்டியில் நான் போராடி வாங்கிய ஒரு மாற்றம் உண்டு. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டை வென்று இந்தியா தொடரைக் கைப்பற்றியபோது, தொடரின் கணக்கில் புஜாரா பெயருக்கு எதிரே 271 ரன், சராசரி 33.87 என்று வந்தது. அதைப் பார்க்கிற யாரும் சுமாரான தொடர் என்றுதான் நினைப்பார்கள். அந்தத் தொடரில் அவர் சந்தித்த பந்துகள் 928. கடைசி நாளில் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்தில் 56 எடுத்தார். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டதால்தான் கில்லின் 91-க்கும் ரிஷப் பந்த்தின் ஆட்டமிழக்காத 89-க்கும் இடம் கிடைத்தது. இடம் போதாது, ஒரு கட்டத்தை எடுத்தால்தான் இன்னொன்றைச் சேர்க்க முடியும் என்றார்கள். 'அதிகபட்சம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு 'சந்தித்த பந்துகள்' சேர்க்கச் சொன்னேன். டெஸ்ட் தொடர்களுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். ஓய்வுச் செய்திப் பெட்டியிலும் அதைக் கொண்டுவர வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். டெஸ்டில் வேறு எவரை விடவும் அதிகமாக, 31,258 பந்துகளைச் சந்தித்த டிராவிட்டைப் பற்றிய எங்கள் பெட்டியில் அந்த எண் இல்லாமல் போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.