தேடல் கருவியின் கையேட்டை முகவருக்காகப் படித்தபோது

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் கூடும் எங்கள் சிறிய குழு, தேயிலைத் தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய நினைவுக் குறிப்புகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களம், வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல், அரைநாள் சம்பளமான அரைப்பேர், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன உறவுகள் என அவை நூற்றுக்கணக்கான கோப்புகளாகக் கணினியில் இருக்கின்றன. அவற்றிலிருந்து கேட்டதை எடுத்துத் தர ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரை, அதாவது கேள்வியைப் புரிந்துகொண்டு தானே கட்டளைகளை இட்டு வேலை செய்யும் நிரலை, பயன்படுத்துவது என்று முடிவானபோது, அந்த முகவர் இயக்கப்போகும் குறிப்புத் தேடல் கருவியின் கையேட்டை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது.

மனிதர் படிப்பதற்கு அந்தக் கையேடு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு தேடல் வெறுமையாக வந்தால் நாம் சந்தேகப்பட்டு வேறொரு சொல்லைப் போட்டுப் பார்ப்போம். முகவரோ, கையேட்டில் எச்சரிக்கை எதுவும் இல்லாவிட்டால், அந்த வெறுமையையே விடையாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே விடை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்த 12 கேள்விகளை எழுதி, கையேட்டை மட்டும் முகவரிடம் கொடுத்து, அது இட்ட ஒவ்வொரு கட்டளையையும் பதிந்துகொண்டேன்.

முதல் நாளிலேயே என்னை உலுக்கிய கேள்வி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயன் அறைகளில் தீப்பிடித்த சம்பவங்களைப் பற்றியது. முகவர் "தீ" என்று தேடியது, ஒன்றும் வரவில்லை, உங்கள் குறிப்புகளில் தீ விபத்து பற்றிய பதிவு எதுவும் இல்லை என்று உறுதியாகப் பதில் எழுதியது. பொகவந்தலாவையிலிருந்து வந்து எனக்கு உதவிய தம்பி திகைத்துப்போனார். "அக்கா, லயன் எரிஞ்ச கதைய நான்தானே டைப் பண்ணினேன், இல்லன்னு சொல்லுதே!" என்றார்.

காரணத்தைத் தேடிக் கருவியின் உள்ளே போனோம். அது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் எஃப்டிஎஸ்5 என்னும் உரைத் தேடலை, 2020இல் அதில் சேர்க்கப்பட்ட டிரைகிராம் முறையில் பயன்படுத்துகிறது. அந்த முறை உரையை மும்மூன்று குறிகளாக (கணினி தனித்தனி எண்ணாகப் பதியும் எழுத்துக்கூறுகளாக) நறுக்கி அட்டவணையிடுவதால், மூன்றுக்குக் குறைந்த குறிகளைக் கொண்ட தேடலுக்கு எதுவும் பொருந்தாது. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் "தீ", கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் தகரமும் ஈகாரக் குறியுமாக இரண்டே குறிகள். எஸ்கியூலைட்டின் சொந்தக் கையேடு இந்த வரம்பை வெளிப்படையாகச் சொல்கிறது. நாங்கள் மதிப்பிட்ட கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீ, கை, பூ என்று நம் மொழியின் அடிப்படைச் சொற்கள் பல இதில் அகப்படும் என்பதால், இதை நான் சிறிய விடுபடலாகக் கருதவில்லை.

அடுத்தது, தோட்ட அதிகாரியைக் குறிக்கும் "தொரை". யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட எங்கள் பழைய கோப்புகள் சிலவற்றில், "தொ" என்பதன் உயிர்க்குறி ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகப் பதிவாகியிருந்தது. புதிய கோப்புகளில் அது ஒரே குறி. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. யுனிகோடின் என்எஃப்சி ஒழுங்காக்கம் என்ற மாற்றுமுறை இரண்டையும் ஒன்றாக்கிவிடும், ஆனால் கருவி அதைச் செய்கிறதா என்று கையேடு சொல்லவில்லை. செய்யவில்லை என்பதைச் சோதித்துத்தான் அறிந்தோம். "கொழுந்து" என்ற சொல்லும் இதே காரணத்தால் அந்தப் பழைய கோப்புகளில் அகப்படவில்லை. தேயிலைத் தோட்டத்துக் குறிப்புகளில் கொழுந்தைத் தவறவிடும் தேடலை யாரிடம் கொடுப்பது?

மதிப்பெண் விடயத்தில் பிழை வேறு விதமானது. குறிப்பு தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்ட எஃப்டிஎஸ்5 தரும் பிஎம்25 எண்ணில் சிறியதே சிறந்த பொருத்தம். கையேடு "பொருத்த மதிப்பெண்" என்று மட்டும் எழுதியிருந்ததால், முகவர் பெரிய எண்ணை மேலே வைத்து, மிகப் பொருத்தமற்ற குறிப்பை முதலில் வாசித்தது. ஒரு கட்டளை முடியும்போது எப்படி முடிந்தது என்று காட்டும் எண்ணான வெளியேற்றக் குறியீட்டிலும் தெளிவில்லை: கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளை எதுவும் அகப்படாதபோது 1, பிழை நேர்ந்தால் 2 என்று பிரித்துச் சொல்லும், இந்தக் கருவி தேடல் அட்டவணையே இல்லாதபோதும், வேலை சரியாக முடிந்ததைக் குறிக்கும் 0 என்றே முடிந்தது.

இவற்றை உதாரணங்களோடு எழுதிக் கருவியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். மறுமொழிக்குக் காத்திருக்காமல், பழைய கோப்புகளை ஒழுங்காக்கினோம். முகவர் முதலில் வாசிக்கும் கருவி விளக்கத்திலேயே சில வரிகளைச் சேர்த்தோம். வெறுமையான விடை "இல்லை" என்று பொருள்படாது, மூன்று குறிகளுக்குக் குறைந்த சொல்லை நீட்டித் தேட வேண்டும், சிறிய எண்ணே முதலில் வர வேண்டும் என்பவை அவை. விளக்கத்தைக் கையேட்டின் நடுவில் புதைக்காமல் அங்கே வைத்தது வேண்டுமென்றே செய்ததுதான், ஏனெனில் முகவர் கையேட்டைத் திறக்காமலே தேடத் தொடங்கிய தடவைகளும் இருந்தன.

மறுபடி அதே 12 கேள்விகளைக் கேட்டபோது, முகவர் "தீ" என்பதை விட்டுத் "தீப்பிடி" என்றும் "எரிந்த" என்றும் தேடி, தம்பி தட்டச்சு செய்த குறிப்பை எடுத்துத் தந்தது. ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பாதி விடைதான் வருகிறது. சில முதியவர்களின் பேச்சில் "தொரை" என்றும், சிலரின் குறிப்பில் "துரை" என்றும் இருப்பதைக் கருவி அறியாது. அதற்கான சொற்பட்டியலை, அந்தக் குறிப்புகளைச் சொன்னவர்களிடமே கேட்டு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.