பழைய லேப்டாப் அடாப்டரைத் தூக்கிப் போடாதீங்க

சின்ன ரூமுக்கு ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபையர்) தேடுறவங்க டிபிஏ3116 சிப் போட்ட போர்டைத் தைரியமா வாங்கலாம். 100+100 வாட்ஸ்னு போட்டிருப்பாங்க, அதைக் கண்டுக்காதீங்க. எல்லாம் வோல்டேஜ் கணக்குதான். 12 வோல்ட்ல 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்ஸ் தாண்டாது. பேஸ் வந்தாலே பிசிறடிக்கும். அதே போர்டுக்கு லேப்டாப்போட 19 வோல்ட், 3.42 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தா 20 வாட்ஸ் பக்கம் வரும். வீட்டுக்குத் தாராளம். 24 வோல்ட் ஆசை வேண்டாம்: சிப் 26 வரை தாங்கும், ஆனா மலிவு போர்டு பலதுல கெப்பாசிட்டர் 25 வோல்ட் வரைதான் தாங்கும், 24 அதோட விளிம்பை ஒட்டிடும்.

ரெண்டு ஸ்பீக்கரோட மைனஸ் வயரையும் ஒண்ணா முறுக்கிடாதீங்க. இது பிரிட்ஜ் அவுட்புட். மைனஸ் கிரவுண்ட் (பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு) இல்லை, அதுலயும் சிக்னல் ஓடுது. கம்ப்யூட்டரோட சேர்த்ததும் 'உர்ர்'னு இரைஞ்சா பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு கருவியோட கிரவுண்டும் ஒண்ணுக்கு மேல வழியில சேர்ந்து சுத்தா ஆகிடுறது. ஆடியோ வயர்ல அந்தச் சுத்தை வெட்டுற ஒரு ஐசொலேட்டர் போடுங்க, அடங்கிடும்.