அணுக்கொள்கை வகுப்புக்கு நான் குறிப்பெடுத்த விதம்

அணுக்கொள்கை வரலாறு தொடங்கிய அன்றே தெரிந்துவிட்டது, சொல்வதையெல்லாம் எழுதினால் கைதான் வலிக்கும் என்று. பெயரும் ஆண்டும் வந்துகொண்டே இருந்தன.

கார்னெல் முறையை எடுத்துக்கொண்டேன். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் பரப்பிய முறை இது. தாளில் நெடுக்காக ஒரு கோடு. வகுப்பில் அகலமான வலப்பக்கம் மட்டும் எழுத வேண்டும். குறுகலான இடப்பக்கத்தில், பாடம் மறப்பதற்குள் கேள்விகளை எழுதிவிட வேண்டும். அடியில் சுருக்கத்துக்கும் இடம் உண்டு. எனக்கு அது பெரிதாக உதவவில்லை, விட்டுவிட்டேன்.

இந்தப் பாடத்துக்கென்று ஒரு மாற்றம் செய்தேன். ஆளுக்கு மூன்று வரி: என்ன பார்த்தார், என்ன சொன்னார், எது அதில் அடங்கவில்லை. பழங்காலக் கிரேக்கச் சிந்தனையாளர் டெமாக்ரிட்டஸுக்கு முதல் வரி காலி. அவர் யோசித்தார், சோதனை எதுவும் செய்யவில்லை. டால்டனுக்கு அந்த வரி நிரம்பியது: 12 கிராம் கார்பனோடு ஒரு வாயுவில் 16 கிராம் ஆக்சிஜன் சேர்கிறது, இன்னொன்றில் 32 கிராம். சரியாக இரண்டு மடங்கு. அணுவைப் பாதியாக்க முடியாது என்றால் இப்படித்தானே வரும்! 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் டால்டனின் மூன்றாவது வரியும் கிடைத்துவிட்டது: அணுவுக்குள்ளும் துகள் இருக்கிறது.

அதிகம் பயன்பட்டது ரூதர்போர்டு பக்கம்தான். வகுப்பில் எழுதியது இவ்வளவே: “1909 கைகர், மார்ஸ்டன். ஆ → தங்கத் தகடு. பெரும்பாலும் நேரே. மிகச் சில திரும்பி!! 1911 ரூ: நடுவில் கரு.” ‘ஆ’ என்றால் நேர்மின்சுமை கொண்ட ஆல்பா துகள். இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகக் குறித்தது நல்லதாயிற்று. சோதனை முதலில், விளக்கம் பிறகு என்பது பார்த்ததுமே புரிந்தது. இடப்பக்கக் கேள்வி: “தாம்சன் சொன்னது சரியென்றால் ஆல்பா ஏன் திரும்பக் கூடாது?” தாம்சன் சொன்னபடி நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவிக் கிடந்தால், அவ்வளவு வேகத்தில் வரும் துகளைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு விசை எந்த இடத்திலும் இருக்காது. இந்தப் பதில் வலப்பக்கத்தில் இல்லை. கேள்வியை எழுதியபிறகு யோசித்துத்தான் பிடித்தேன்.

தேர்வுக்கு முன் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்த்தேன். வாசித்துக்கொண்டே போவதைவிட இது சிரமம், ஆனால் எங்கே தடுமாறுகிறோம் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் தடுமாறிய இடம், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் (Bohr) பக்கம். சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவில் விழ வேண்டும் என்கிறது பழைய இயற்பியல். குறிப்பிட்ட வட்டப்பாதைகளில் அது ஆற்றலை உமிழாது என்று 1913இல் போர் எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் உமிழும் ஒளியின் நிறமாலைக்குக் கணக்கு பொருந்தியது. “ஏன் உமிழாது?” என்ற என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன். அப்புறம் எலக்ட்ரானை அலையாகப் பார்க்கும் டி பிராய், ஷ்ரோடிங்கர் பாடங்கள் வந்தபோது, நான் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.