வாசற்படி

சாட்ஸ்வொர்த், டர்பன்

3 செப்டம்பர் 2024
பூஞ்சைக்கான களிம்பு, மூன்றாவது டியூப். இந்த முறையும் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெள்ளைப்படுகிறதா என்றார், இல்லை என்றேன். எழுதிய கை நிற்கவே இல்லை. பிறப்புறுப்பில் அரிப்பு, ராத்திரித் தூக்கம் போய் 8 மாதம். 58 வயதில் இதைப் போய் யாரிடம் சொல்ல? குளிக்கிற தண்ணீரில் டெட்டால் ஊற்றிப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம்.

12 செப்டம்பர்
மகப்பேறு டாக்டர். கருவி போட்டு உள்ளே பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். கர்ப்பப்பையில் குறையில்லை. மாதவிடாய் நின்றபின் வருகிற வறட்சி என்று ஈஸ்ட்ரஜன் க்ரீம் கொடுத்தார். வறட்சி உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர் வாசற்படியைப் பார்க்கவில்லை. அரிப்பு அங்கேதானே!

19 செப்டம்பர்
தோல் டாக்டர் முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். எதற்கு வந்தேன், எதைப் பார்க்கிறார் என்று எனக்குச் சிரிப்பு. வாய்க்குள் வெள்ளைக் கோடுகள் இருந்தால் லைக்கன் பிளானஸ் என்கிற தோல் நோயாக இருக்கலாமாம். நகம், முழங்கை, தலை எல்லாம் சொரியாசிஸுக்காகப் பார்த்தார். அப்புறம் விளக்கைத் திருப்பி, என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நானே பார்த்ததில்லை. பூண்டுத் தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. சொறிந்த இடத்தில் ரத்தப் புள்ளிகள். உள்ளுதடு ஒரு பக்கம் ஒட்டியே போயிருந்தது.

லைக்கன் ஸ்க்லெரோசஸ், தோல் வெளுத்துச் சுருங்குகிற நோயாம். தொற்று இல்லை, வீட்டுக்காரருக்கு ஒட்டாது. தைராய்டும் கூடவே வருவதுண்டு என்று ரத்தம் எடுத்தார்கள்.

மருந்து க்ளோபெட்டசால் 0.05% என்கிற ஸ்டீராய்டு, ஆயின்ட்மென்ட்டாக. க்ரீமில் கலக்கிறவை எரியும் என்றார். முதல் மாதம் தினமும் ராத்திரி, இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி, மூன்றாம் மாதம் வாரம் 2 தடவை. ஒரு விரல் நுனி அளவு, அதாவது அரை கிராம். 30 கிராம் டியூப் 3 மாதம் வரவேண்டும். சோப்பு கூடாது. டெட்டாலைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

21 செப்டம்பர்
முதல் புரட்டாசிச் சனி. படையல் முடித்துவிட்டு மருந்துப் பெட்டியில் இருந்த தாளைப் பிரித்தால், 'பிறப்புறுப்பில் போடக்கூடாது'! அப்படியே மூடி வைத்துவிட்டேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற தங்கை மகளுக்குப் போன் போட்டேன். "பெரியம்மா, அது எல்லாருக்கும் பொதுவாகப் போடுகிற எச்சரிக்கை. உங்களுக்கு வந்திருக்கிறதுக்கு இதுதான் முதல் மருந்து. போடாமல் விட்டால்தான் ஆபத்து" என்றாள். சரி, போட்டேன்.

22 அக்டோபர்
விடிய விடியத் தூங்கினேன்! வெளுப்பு அவ்வளவாகக் குறையவில்லை, ஒட்டியது ஒட்டியதுதான். பரவாயில்லை.

9 டிசம்பர்
ஓர் இடம் மட்டும் இன்னும் தடிப்பாக இருக்கிறதாம். இது புற்றுநோயாக மாறுவது 100 பேரில் 5 பேருக்கும் குறைவு, இருந்தாலும் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோல் டாக்டர் கடிதம் கொடுத்து அனுப்பினார், அதே மகப்பேறு டாக்டரிடம். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை கருவியைத் தொடவில்லை, விளக்கைக் கீழே இழுத்துக்கொண்டு குனிந்தார். 4 மில்லிமீட்டர் துண்டு, ஒரு தையல். மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்தது. முடிவு இன்னும் வரவில்லை.