போடிமெட்டு இறக்கத்தில் ஊசி விழுந்தால்: தெர்மோஸ்டாட் மாற்றிய அனுபவம்

ஏலத்தோட்டக் கணக்கு வேலை என்பதால் போடிக்கும் பூப்பாறைக்கும் இடையே என் பழைய பெட்ரோல் கார் ஓடாத வாரம் கிடையாது. சமவெளியில் ஓட்டும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் டெம்பரேச்சர் ஊசி ஒழுங்காக நடுவில் நிற்கும். இறங்கும்போதுதான் கோளாறு. செகண்ட் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு வந்தால், ஊசி மளமளவென்று இறங்கிக் கீழ்க்கோட்டுக்கே வந்துவிடும். ஊருக்குள் நுழைந்து நெரிசலில் நின்றதும் மறுபடி ஏறும்.

இன்ஜின் சூடாகவில்லை என்றால் நல்லதுதானே என்று பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. பெட்ரோல் முன்பைவிட அதிகமாகக் குடித்தது. மேலே விடியற்காலை மூடுபனியில் முன் கண்ணாடி வேர்த்துப்போகும். ஹீட்டரைத் திருகினால் வெதுவெதுப்பாகத்தான் காற்று வரும். எதிரே தோட்டத்து ஜீப்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் பாதையில், கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுவது ஆபத்தான காரியம். அப்புறம் செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது.

போடியில் ஒரு பட்டறையில் காட்டினேன். "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே? கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, ஜென்மத்துக்கும் சூடாகாது" என்றார் அந்தத் தம்பி. தெர்மோஸ்டாட் என்பது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைச் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்கு விடும் சின்ன வால்வு. இந்த யோசனையை நம் பக்கம் பல இடங்களில் கேட்கலாம். நான் சம்மதிக்கவில்லை. பூப்பாறையில் வழக்கமாக ஆயில் மாற்றும் மலையாளி மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனரை மாட்டினார், பி 0128 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. இன்ஜின் எட்ட வேண்டிய சூட்டைக் கூலன்ட் எட்டவில்லை என்பது அதன் பொருள். "வால்வு திறந்தபடி நின்னு போச்சு சாரே. மாத்திட்டா சரியாகும்" என்றார். "கழற்றிவிட்டே ஓட்டலாமா சேட்டா?" என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஏன் வேண்டாம் என்பதற்கு முன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கும். கூலன்ட் சூடு 82 அல்லது 88 டிகிரியை எட்டியதும் (காருக்குக் கார் மாறும்) மெழுகு இளகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். சூடு குறைந்தால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இறக்கத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே அநேகமாக நின்றுவிடுகிறது. ரேடியேட்டரிலோ மலைக்காற்று அடிக்கிறது. நல்ல தெர்மோஸ்டாட் அந்த நேரத்தில் மூடிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றும். ஏற்றத்தில் இன்ஜின் உழைக்கிற உழைப்பில் இந்தக் குறை மறைந்துவிடுகிறது. கோடையில் போடிக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அது வருடக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

கழற்றிவிட்டால் இன்ஜின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும். இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித் தரும். ஆயிலில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத் தட்டுதான் பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் கூலன்ட் இன்ஜினுக்கே திரும்பும் பாதையை) அடைக்கிறது. அதில் கழற்றிவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றி, ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கவும் செய்யும்.

மாற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வண்டி முழுக்க ஆறிய பிறகே கூலன்டை வடித்தார். துருவேறிய தண்ணீர் மாதிரி பழுப்பாக வந்தது. ஹவுசிங் (தெர்மோஸ்டாட் உட்காரும் கூடு) போல்ட்டுகளைக் கழற்றி எடுத்த தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்: ஆறிக் கிடந்தும் வால்வின் ஓரத்தில் பிறை நிலா போல ஓர் இடைவெளி. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே வெள்ளை உப்புப் பொருக்கு. எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் போர் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

புதியதைப் போடும் முன் சோதித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி அடியில் தொடாமல் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். விளிம்பில் 82 என்று அச்சடித்திருந்தது. அந்தச் சூட்டை ஒட்டி வால்வு மெல்ல விரிந்தது, எடுத்து ஆறவிட்டதும் மூடியது. பிறகு புது ரப்பர் வளையம் போட்டு, தெர்மோஸ்டாட்டிலுள்ள சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் வரும்படி வைத்து மூடினார். உள்ளே சிக்கிய காற்று வெளியேற அதுதான் வழி. உள்ளே ஓரிரு முறை தண்ணீர் விட்டு அலசி, புதுக் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். மறுநாள் காலை ரிசர்வாயரில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது, நிரப்பினேன்.

செலவு அதிகமில்லை. பல சின்னக் கார்களுக்குப் பார்ட் சில நூறு ரூபாய்தான். ஹவுசிங்கோடு சேர்ந்தே வருகிற கார்களில் ஆயிரங்களில் போகும்.

இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எல்லாக் கார்களுக்கும் பொதுவான கணக்கு இல்லை. ஊசி நடுவில் நிற்காமல் விழுந்தால், ஹீட்டர் சூடேறாவிட்டால், பி 0128 குறியீடு வந்தால் பாருங்கள். பழைய வண்டியில் வாட்டர் பம்ப்புக்காகவோ டைமிங் பெல்ட்டுக்காகவோ பிரிக்கும்போது, எப்படியும் கூலன்டை வடிக்கத்தான் போகிறார்கள். அப்போதே இதையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து, அதற்கு நாள் பார்க்க நேரமில்லை. இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கும். மலையில் அப்படி ஊசி சிவப்புக்குப் போனால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். அதற்கப்புறமும் ஓட்டிப் பார்க்க வேண்டாம், கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.